ஐந்நூறு பேர் பார்த்த பக்கம்

என் வீட்டுக்காரர் சகாயராஜைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவருடைய குறைகள்தான் வந்து நிற்கின்றன. இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சராக இருப்பவளுக்குத் தப்பைச் சிவப்பு மையில் சுழித்த பிறகுதான் மற்றது கண்ணில் படும். இவருக்கு யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது. கேட்டவருக்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்து, வீட்டில் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்காருவார். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டே கம்ப்யூட்டரைத் தட்டுவார். எங்கள் கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் ஒரு பிடி சோறு விழும்.

எந்தக் காலேஜிலும் இவர் கம்ப்யூட்டர் படித்ததில்லை. அரிசிபாளையத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு அங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். பிறகு லாரி ஆபீஸ்களுக்கும் போர்வெல் ரிக் வைத்திருப்பவர்களுக்கும் வெப்சைட் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார். சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் முப்பது நாற்பது வெப்சைட் இவர் பொறுப்பில் இருக்கிறது. அதெல்லாம் எங்கள் வீட்டில் இல்லை. எங்கேயோ ஒரு கம்பெனி வைத்திருக்கும் சர்வரில் வாடகைக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார். அந்தக் கம்பெனிக்காரர்கள் முகத்தை இவரும் பார்த்ததில்லை, இவர் முகத்தை அவர்களும் பார்த்ததில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. எதை எழுதினாலும் தாளின் தலையில் ஒரு சிறு சிலுவை போடுவார். மளிகைச் சீட்டுக்குக்கூடப் போடுவார். என் மாமியார் இன்னாசிமேரி பரீட்சைத் தாளில் போடச் சொல்லிப் பழக்கியது. கம்ப்யூட்டரில் எழுதும் ஃபைல்களிலும் முதல் வரியில் # என்று ஒரு ஹாஷ் குறி, பக்கத்தில் ஒரு சிலுவை. ஹாஷ் குறியில் ஆரம்பிக்கிற வரியைச் சர்வர் படிக்காமல் தாண்டிப் போய்விடுமாம். "அந்த வரி எனக்கும் ஆண்டவருக்கும்" என்பார். கீபோர்டில் சிலுவை எங்கே இருக்கிறது? அது கூட்டல் குறிதான் என்று நான் கிண்டல் செய்வேன். சிரித்துக்கொள்வார், ஆனால் விடமாட்டார்.

சென்ற வருடம் செப்டம்பரில் நர்மதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெண்ணந்தூர்க்காரி, முப்பது வயது இருக்கும். அவள் கணவர் கந்தவேல், இவர் வேலை செய்து கொடுக்கும் ஒரு லாரி ஆபீஸில் டிரைவர். சித்திரை மாதம் லோடுக்குத் தார்ப்பாய் கட்டும்போது மேலிருந்து விழுந்து தலையில் அடி. இடது காதுக்குப் பின்னால் ஏழு தையல். ஆள் எழுந்து நடமாடினார், ஆனால் சில நாள் பெயர்கள் மறந்துபோகும், வந்த வழி மறந்துபோகும். மூன்று மாதம் வீட்டில் இருந்தவர், சும்மா இருக்கப் பிடிக்காமல் இன்னொரு டிரைவரோடு நாக்பூர் லோடுக்குப் போனார். ஆதிலாபாத் தாண்டி ஓரிடத்தில் டீ குடிக்க இறங்கியவர் வண்டிக்குத் திரும்பவில்லை. போன் சீட்டிலேயே கிடந்தது. கூடப் போனவர் ஒன்றரை நாள் தேடிவிட்டு, போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தார்.

லாரிக்காரர்கள் அவர்களுக்குத் தெரிந்த வழியில் தேடினார்கள். கந்தவேலின் படத்தை ஸ்டிக்கர் அடித்து, வடக்கே போகிற வண்டிகளின் பின்னால் ஒட்டினார்கள். முதலில் அடித்த ஸ்டிக்கரில் நர்மதாவின் போன் நம்பர் இருந்தது. ஒரே வாரத்தில் இருநூறு போன். பாதிப்பேர் புளுகினார்கள். மீதிப்பேர், புருஷன் இல்லாமல் தனியாக இருப்பவளிடம் பேசக் கூடாததைப் பேசினார்கள். அவள் அந்த சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு இவரிடம் வந்தாள்.

இவர் ஒரு பக்கம் போட்டுக் கொடுத்தார். புது ஸ்டிக்கரில் நம்பர் கிடையாது. படம், 'இவரைக் காணவில்லை' என்று இந்தியில் ஒரு வரி, கீழே போனில் ஸ்கேன் செய்கிற சதுரக் கட்டம். ஸ்கேன் செய்தால் பக்கம் திறக்கும். பார்த்தவர் எந்த இடம், எப்போது என்று அதில் எழுதினால் நேராக இவருக்கு வந்துவிடும். எந்த வண்டியிலிருந்து ஆள் வந்தது என்று தெரிய, ஒவ்வொரு ஸ்டிக்கருக்கும் ஒரு எண் கொடுத்தார். மொத்தம் அறுபது லாரி. கந்தவேலை யாராவது பார்த்தால் அதை நர்மதாவுக்குச் சொல்ல உலகத்தில் இருந்த ஒரே வழி அந்தப் பக்கம்தான்.

அதில் 'காணாமல் போய் இத்தனை நாள்' என்று ஓர் எண் இருந்தது. அதைத் தினமும் காலையில் மாற்றும் வேலையை நர்மதாவுக்கே கொடுத்தார். சர்வருக்குள் போகிற பாஸ்வேர்டையும் கொடுத்தார். எனக்குக் கோபமான கோபம்.

"ஊர் வெப்சைட் சாவியை எல்லாம் இப்படித்தான் தூக்கிக் குடுப்பீங்களா? அவளுக்கு என்ன தெரியும்?"

"ஊர் சாவி இல்ல ஜாக்கி, அவளோட பக்கத்துக்கு மட்டும்தான். காலைல எந்திரிச்சா அவளுக்குச் செய்யறதுக்கு ஒண்ணு வேணும்" என்றார்.

கந்தவேல் காணாமல் போய் நாற்பத்தைந்து நாள் ஆயிற்று. அந்தப் பக்கத்தில் ஒரு தகவலும் வரவில்லை.

வினை வியாழக்கிழமை ஆரம்பித்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அன்று கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. பக்கங்களை ஓட்டுகிற பழைய மென்பொருளை நிறுத்தப் போகிறோம், புதிய பதிப்புக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று. இவர் மாற்றினார். மாற்றிவிட்டு ஒவ்வொரு வெப்சைட்டாகத் திறந்து பார்த்தார். கந்தவேலின் பக்கமும் திறந்தது.

வெள்ளிக்கிழமை மதியம் லாரி ஆபீஸ் மேனேஜர் ஜெயபிரகாஷ் போன் செய்தார். "சார், நம்ம கந்தவேல் பேஜ் ஓப்பன் ஆவமாட்டேங்குதுங்களே, என்னன்னு பாருங்க."

இவர் திறந்தார். வெள்ளைப் பக்கம். மேலே பெரிதாக 500. அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. சர்வருக்குள் ஏதோ உடைந்துவிட்டால் இந்த எண் வரும், எது உடைந்தது என்று மட்டும் வெளியே சொல்லாது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது, காலையில் இவருக்கு வைத்துவிட்டுப் போன சோறு மூடியபடி இருந்தது.

"நேத்து நான் மாத்துனதுதான் ஜாக்கி. நல்லா இருந்ததைக் கெடுத்துட்டேன்."

பழைய பதிப்புக்கே திரும்ப மாற்றினார். 500. புதியதற்குப் போனார். 500. நடுவில் இருந்த பதிப்பைப் போட்டுப் பார்த்தார். அதுவும் 500. மற்ற முப்பத்தெட்டு வெப்சைட்டும் ஒழுங்காக ஓடின. இது ஒன்று மட்டும் செத்துக் கிடந்தது. அதுதான் இவரை வதைத்தது. உரம் விற்கிறவனுடைய வெப்சைட் ஓடுகிறது, ரிக் வண்டிக்காரன் மகள் கல்யாண ஆல்பம் ஓடுகிறது, ஒரு மனுஷனைத் தேடுகிற பக்கம் ஓடவில்லை.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அன்று முழுவதும் பக்கத்திலிருந்து பார்த்தேன். கம்பெனியின் வெப்சைட்டில் உதவி கேட்கிற சாட்டில் எழுதிக் கேட்டார். எங்கள் சர்வர் நலமாக இருக்கிறது, கோளாறு உங்கள் பக்கத்தில்தான் என்று பதில் வந்தது. யாரோ எழுதி வைத்த பதில், பெயரை மட்டும் மாற்றி அனுப்பியிருந்தார்கள். பக்கத்தின் ஃபைல்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, லேப்டாப்பில் வைத்திருந்த நகலை மறுபடி ஏற்றினார். 500. தகவல் சேர்கிற இடத்தின் பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தார். 500. பிழைகள் பதிவாகும் ஒரு ஃபைலை அடிக்கடி திறந்தார். அது காலியாக இருந்தது.

"இந்நேரம் ஒருத்தன் ஸ்கேன் பண்ணியிருந்தா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. நான் எரிச்சலில், இத்தனை நாளாகப் பண்ணாதவன் இன்றைக்குத்தான் பண்ணப் போகிறானா என்றேன். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் நர்மதாவுக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"ஏம்மா, உனக்கு நம்ம பேஜ் வருதா?"

"வருதுங்கண்ணா. நேத்தும் வந்துச்சு, இன்னைக்கும் வந்துச்சுங்க. மேல ஐந்நூறுன்னு போட்டிருக்குதுங்க. ஐந்நூறு பேரு பாத்துட்டாங்களாட்டம் இருக்குது. நீங்கதான் எண்ணிக்கை வர்ற மாதிரி வெச்சுட்டீங்களோன்னு நெனச்சேன். ரெண்டு நாளா மனசுக்கு அத்தனை ஆறுதலா இருக்குதுங்க."

இவர் போனைப் பிடித்தபடி சுவரைப் பார்த்தார். நான் வாங்கிப் பேசலாமா என்று கையை நீட்டினேன். தரவில்லை.

"அது அப்படி இல்லம்மா" என்று மெதுவாகச் சொன்னார். "பேஜ் நின்னு போச்சு. ஐந்நூறுன்னா கோளாறுன்னு அர்த்தம். நாளைக்குள்ள சரி பண்ணிடறேன். நீ உள்ள போனப்போ எதையாவது எழுதினியா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நம்பர் மட்டுந்தானுங்கண்ணா மாத்துனேன். வேற ஒண்ணும் எழுதலீங்க" என்றாள். "அப்ப ஒருத்தருமே பாக்கலீங்களா?"



மறுநாள் ஞாயிறு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இவர் ஞாயிறு பூசைக்குப் போகாமல் இருந்து நான் பார்த்ததில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறார். அன்று நான் மட்டும் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். கேட்டைத் திறக்கும்போது நர்மதா படியில் உட்கார்ந்திருந்தாள். முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். தலைகூடச் சரியாக வாரவில்லை.

"உள்ள வர வேண்டியதுதானே, ஏன் இங்க உக்காந்திருக்கே?"

"அண்ணா வேலையா இருப்பாருங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னுதானுங்க்கா. ஊட்டுல இருக்க முடியலீங்க. சும்மா பக்கத்துல உக்காந்துக்கறேன்" என்றாள்.

காப்பி கொடுத்தேன். இவருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில், மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இவர் அப்போது கம்பெனிக்குப் போன் போட்டுக் காத்திருந்தார். ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். நல்ல பெண். முழுதாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் பக்கங்கள் எழுதும் பதிவு, பக்கம் தொடங்குவதற்கு முன்னாலேயே சர்வர் விழுந்தால் அது வேறு இடத்தில் எழுதும், அங்கே பாருங்கள் என்று வழி சொன்னாள். பதினைந்து வருடமாக இந்த வேலை செய்கிறவருக்கு அப்படி ஓர் இடம் இருப்பது அன்றுதான் தெரியும். படித்துக் கற்காத வேலையில் இப்படி ஓட்டைகள் இருக்கும். வெட்கத்தோடு அங்கே போனார்.

அந்தப் பதிவு நிரம்பிக் கிடந்தது. ஒரே வரி, நூற்றுக்கணக்கான தடவை. முதல் வரியில் எனக்குத் தெரியாத கட்டளை இருக்கிறது என்று சர்வர் கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. எந்தக் கட்டளை என்றும் காட்டியிருந்தது. இவர் அதைப் போனில் அந்தப் பெண்ணுக்கு வாசித்தார்: "எக்ஸ் ஈ சைபர். எக்ஸ் ஏ ஈ. எக்ஸ் எட்டு ஒன்பது."

இது என்ன பாஷை என்று அவளுக்கும் தெரியவில்லை. யாராவது உள்ளே புகுந்து எழுதியிருக்கலாம் என்றாள். திருடன் புகுந்துவிட்டான், ஜாக்கி, என்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எந்த ஃபைல் என்றும் அந்த வரியிலேயே இருந்தது. புள்ளியில் ஆரம்பிக்கிற பெயருள்ள ஒரு குட்டி ஃபைல். வருகிறவர்களை எப்படி உள்ளே விடுவது என்று சர்வருக்குச் சொல்கிற ஏழெட்டு வரி அதில் இருக்கும். புள்ளிப் பெயர்கள் சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் சனிக்கிழமை லேப்டாப்பிலிருந்தே எல்லாவற்றையும் அழித்து ஏற்றியபோது இது தப்பித்துக்கொண்டது. நர்மதா பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகிற வழியில் மட்டும் அது தெரியும்படி இவர் எப்போதோ வைத்திருந்தார். அங்கே பெயர் வரிசையில் புள்ளிதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வரும்.

திறந்தார். இவர் எழுதியிருந்த கூட்டல் குறிச் சிலுவைக்கு மேலே, முதல் வரியில், தன்னந்தனியாக ஓர் எழுத்து.

உ

திருடன் யாரும் வரவில்லை. சர்வருக்குத் தமிழ் தெரியாததால் அதை எக்ஸ் ஈ என்று எழுத்துக் கூட்டியிருக்கிறது. எனக்குப் புரிந்துவிட்டது. இவருக்கும் புரிந்துவிட்டது என்று இவர் கழுத்து நிமிர்ந்ததிலேயே தெரிந்தது. போனில் இருந்த பெண்ணுக்கு நன்றி சொல்லி வைத்தார்.

நர்மதா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அது நானு போட்டதுங்கண்ணா" என்றாள். அன்று முதல் தடவையாக அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "வெள்ளிக்கெழமை நம்பர் மாத்தப் போனப்ப, எல்லாத்துக்கும் மேல இந்த ஃபைல் இருந்துச்சுங்க. என்னன்னு தொறந்து பாத்தேன். நீங்க மொத வரியிலயே சிலுவை போட்டுத்தான் ஆரம்பிச்சிருந்தீங்க. அட, நாம பிள்ளையார் சுழியே போடாம இத்தனை நாளாத் தேடிட்டிருக்கறமேன்னு மனசுல பட்டுச்சுங்க. அதான் ஒண்ணு போட்டேன். தப்புங்களாண்ணா?"

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரைக்கும் கோபம் ஏறியது. ஓர் எழுத்து. மூன்று நாள். எதையாவது எழுதினாயா என்று கேட்டதற்கு இல்லை என்றாளே. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. பிள்ளையார் சுழி போடுவதை யார் எழுதுவதில் சேர்ப்பார்கள்? சுழி போட்ட பிறகு எழுதுவதுதான் எழுத்து. ஹாஷ் குறிக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் பார்த்துப் பழகியது என் வீட்டுக்காரருடைய கூட்டல் குறியை.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பேசிவிட்டார்.

"தப்பில்லம்மா. நல்லதுதான் பண்ணியிருக்கே. வியாழக்கிழமை நான் ஒண்ணை மாத்துனேன், அதுல வந்த வினை இது. என் தப்புதான்."

நான் இவரை முறைத்தேன். இவர் திரும்பவே இல்லை. அந்த எழுத்தை அழிக்கவும் இல்லை. அதற்கு முன்னால் ஒரு ஹாஷ் குறியும் ஓர் இடைவெளியும் போட்டுச் சேமித்தார். இப்போது அந்த ஃபைலின் தலை இப்படி இருந்தது:

# உ
# +

பக்கம் திறந்தது. கந்தவேல் மீசையோடு சிரித்தார். கீழே நாற்பத்தெட்டு நாள் என்று இருந்தது. பஸ் ஏறுவதற்கு முன்பு அன்றைய எண்ணையும் அவள் மாற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறாள். நர்மதா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதோடு முடிந்தது என்று நான் அடுப்பைப் பார்க்கப் போனேன். அவள் கேட்டது சமையலறை வரைக்கும் கேட்டது. "இந்த மூணு நாள்ல ஒருத்தராவது வந்திருப்பாங்களாண்ணா?"

கதவு திறக்காவிட்டாலும் தட்டியவர்களைச் சர்வர் குறித்து வைக்குமாம். எந்த நேரம், எந்த ஸ்டிக்கர் என்று. இவர் அந்தப் பதிவைத் திறந்தார். பிறகு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் குரலைக் கேட்டு நான் கரண்டியோடு ஓடினேன்.

இருபத்து மூன்றாம் எண் ஸ்டிக்கர். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி பன்னிரண்டு நிமிடம். மூன்று பதின்மூன்று. மூன்று பதினைந்து. அரைமணி நேரத்தில் ஒன்பது தடவை. சனிக்கிழமை காலையில் அதே போனிலிருந்து மறுபடி நான்கு தடவை. எல்லாவற்றுக்கும் எதிரே 500. இத்தனை நாள் யாருமே ஒரு தடவைக்கு மேல் திறந்து பார்க்காத பக்கத்தை ஒருவன் பதின்மூன்று தடவை திறக்கப் பார்த்திருக்கிறான். சும்மா வேடிக்கை பார்க்கிறவன் பதின்மூன்று தடவை தட்டமாட்டான். அந்த மூன்று நாளில் நான் நிஜமாகப் பயந்தது அப்போதுதான்.

இருபத்து மூன்றாம் லாரியின் டிரைவர் சின்னண்ணன், ஓமலூர்க்காரர். இவர் போன் போட்டார்.

"வண்டி ரிப்பேருங்க சார், நாக்பூருக்கு முன்னால ஒரு பஞ்சர் கடைல நிக்குது" என்றார் சின்னண்ணன். "பேரிங் வாங்க வெள்ளிக்கெழமையே டவுனுக்குப் போயிட்டனுங்க. நேத்து பொழுது போயித்தான் வந்தேன். ஏனுங்க சார்?"

பக்கத்தைத் திறக்கப் பார்த்தது யார் என்று பஞ்சர் கடைக்காரரிடம் கேட்கச் சொன்னார் இவர். நாங்கள் மூவரும் போனைச் சுற்றி நின்றோம். அந்தப் பக்கம் இந்தியில் ஏதோ பேசினார்கள். நீளமாகப் பேசினார்கள். நர்மதா என் கையைப் பிடித்திருந்தாள். வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது.

"சார், ஆமாங்குறான் சார். பக்கத்து தாபாவுல பாத்திரம் கழுவிட்டு ஒரு ஆளு பத்து நாளா இருந்திருக்காரு. பேசவே மாட்டாராம். காதுக்குப் பின்னால தழும்பு இருக்குதாம். என்ற வண்டில படத்தைப் பாத்துட்டு இவன் ஸ்கேன் பண்ணிப் பண்ணிப் பாத்திருக்கான், ஒண்ணும் வரலையாம்."

"இப்ப எங்க சின்னண்ணா? இப்ப எங்க இருக்காரு?"

"தாபாக்காரன் நேத்து சாயங்காலம் தொரத்தி உட்டுட்டானாம் சார். வண்டில படம் ஒட்டியிருக்குது, தொறந்தா ஒண்ணும் வரமாட்டேங்குது, ஏதோ கேஸ்ல தேடற ஆளாட்டம் இருக்குது, நமக்கு எதுக்கு வம்புன்னு."

நர்மதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். சத்தம் போட்டு அழவில்லை. "நேத்து சாயங்காலந்தானுங்களே, நேத்து சாயங்காலந்தானுங்களே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அந்தப் பக்கம் திறந்திருந்தால் நான்கு மணிக்கு அவள் தன் புருஷன் குரலைக் கேட்டிருப்பாள். ஏன் திறக்கவில்லை என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. இவர் அவளுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, "என் தப்பும்மா, என்னை மன்னிச்சுக்கோ" என்றார். பூசைக்குப் போகாத மனுஷன் அன்று முழங்காலில் நின்றது அங்கேதான்.

சின்னண்ணன் வண்டியை அப்படியே போட்டுவிட்டுத் தேடக் கிளம்பினார். அந்த ரோட்டில் போய்க்கொண்டிருந்த நம் பக்கத்து லாரிகளுக்கெல்லாம் ஜெயபிரகாஷ் தகவல் கொடுத்தார். ஞாயிறு கிடைக்கவில்லை. திங்கள் கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் நர்மதா எங்கள் வீட்டில்தான் இருந்தாள். காலையில் எழுந்ததும் எண்ணை மாற்றினாள், நாற்பத்தொன்பது, ஐம்பது. நான் சமைத்ததை மூன்று பேரும் பிசைந்துவிட்டு எழுந்தோம்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கிடைத்தார். தாபாவிலிருந்து பதினெட்டு கிலோமீட்டரில் ஒரு பாலத்துக்குக் கீழே, நெருப்பாகக் கொதிக்கும் காய்ச்சலோடு. செருப்பில்லாமல் நடந்ததில் வலது காலில் ஏதோ கிழித்துப் புண் புரையோடியிருந்தது. சின்னண்ணனே தூக்கிக்கொண்டு போய் நாக்பூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மூன்று நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஒரு கட்டுப் போட்டு அனுப்பியிருப்போம் என்று டாக்டர் சொன்னாராம். சின்னண்ணன் அதைப் போனில் சொன்னபோது நல்லவேளையாக நர்மதா நாக்பூர் ரயிலில் இருந்தாள். இவர் போனை வைத்துவிட்டு, நகம் வெட்டாத தன் வலது காலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் சனிக்கிழமை இவர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். சாமியாரிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. வீட்டில்தான் கேட்டேன். அவளிடம் உண்மையைச் சொல்லாதது எனக்கு உறுத்துகிறது என்றேன். எனக்குப் பொய் ஆகாது. என் வகுப்பில் விடையைப் பார்த்து எழுதியவனைவிட, பார்க்கவில்லை என்று சாதிக்கிறவனுக்குத்தான் அடி அதிகம்.

"சிலுவை போட்டது நான். அதைப் பாத்துத்தான் அவ போட்டா. சாவியைக் குடுத்ததும் நான்" என்றார். "நான் சொன்னது எங்க ஜாக்கி பொய்?"



நவம்பரில் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். கந்தவேல் ஒரு காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து நடந்தார். அதிகம் பேசவில்லை. சில நாள் நர்மதாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், சில நாள் "ஏனுங்க" என்று அடுத்த வீட்டுக்காரியைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுகிறாராம். அதைச் சொல்லி அவளே சிரித்தாள். ஒரு பை நிறைய வேர்க்கடலை கொண்டுவந்திருந்தாள். பக்கத்தை எடுத்துவிடலாமா என்று இவர் கேட்டதற்கு, இருக்கட்டும் அண்ணா, எண்ணை மட்டும் ஐம்பதோடு நிறுத்தியிருக்கிறேன் என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நானு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனுங்க்கா. நாப்பத்தஞ்சு நாளா ஒருத்தர் கண்ணுலயும் படலை. வெள்ளிக்கெழமை காலைல சுழி போட்டேன், மத்தியானம் மூணு மணிக்கே அந்த பஞ்சர் கடைக்காரர் கண்ணுல பட்டுட்டாரு. அண்ணா எதையோ மாத்திக் கொஞ்சம் கெடுத்துப்புட்டாரு, அது போனாப் போவுதுங்க, வேணும்னா பண்ணாரு? நீங்க கணக்கு டீச்சரு. நீங்களே சொல்லுங்க, என்ற கணக்கு சரிதானுங்களே?"

இவர் கடலையை உரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கந்தவேலின் வலது கால் என் எதிரே நாற்காலிக்கு வெளியே நீட்டியிருந்தது. அதில் மூன்று விரல்கள் இருந்தன. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தப்பான கணக்கைக்கூட நான் சுழிக்காமல் விட்டதில்லை.

"சரியா இருக்கும்மா" என்றேன்.